முதற் பட்டதாரி சி. வை. தாமோதரம்பிள்ளை

பரீட்சைக்குச் சில திங்களே எஞ்சியிருக்கும்போது நமது கல்லூரியின் உயர்தர வகுப்பு மாணவர் கொள்ளும் கோலத்தை நாம் ஆண்டுதோறும் கண்டு வருகின்றோம். மாலையிற் கொழுந்து நிறுவை முடிந்து தாய்மார் லயத்துக்குத் திரும்பும் வேளையிலே, பிள்ளைகள் மேலதிக வகுப்பு முடிந்து, நனையாதபடி புத்தகங்களை அணைத்துக்கொண்டு பேருந்துக்குக் காத்து நிற்பர். பேராதனையிலும் கொழும்பிலும் இறுதியாண்டிற் பயிலும் நம் பழைய மாணவர் விடுமுறைக்கு வரும்போதும் அதே கோலந்தான். எழுதி முடியாத ஆய்வுக் கட்டுரை ஒருபுறம், இனித் தேடவேண்டிய உத்தியோகம் ஒருபுறம், அவர்தம் பட்டத்தை நம்பி வீட்டார் பட்ட கடன் மற்றொருபுறம்.

இத்தகையோருக்கு ஊக்கமூட்டுதற்காக ஆசிரியராகிய நாம் காலைக் கூட்டத்திலே சொல்லும் கதைகளுள் ஒன்று இராவ்பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களின் கதை. பிரவேசப் பரீட்சை தேறிய சில மாதங்களுக்குள்ளேயே பி. ஏ. பரீட்சையுந் தேறிச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரியானார் என்பது அக்கதை. பல்லாண்டு நாமும் அதனை அவ்வாறே சொல்லி வந்தோம். இவ்விழா மலரின் பொருட்டு அவர் வரலாற்றை ஒழுங்குபட எழுதப் புகுந்தபோதுதான், நாம் சொல்லி வந்தது பாதிக் கதை என்பது புலனாயிற்று. மற்றைப் பாதியைச் சொல்லாமல் விடுவது மாணவர்க்கு நாம் இழைக்கும் அநீதியாகும்.

யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டி என்னுஞ் சிற்றூரிலே வைரவநாதபிள்ளைக்கும் பெருந்தேவி அம்மையாருக்கும் மகனாக 1832 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12 ஆந் திகதி பிள்ளையவர்கள் பிறந்தார்கள். தமிழின் தொடக்கப் பாடங்களைத் தந்தையாரிடமும், இலக்கண இலக்கியங்களைச் சுன்னாகம் முத்துக்குமார கவிராயரிடமுங் கற்றார்கள். தெல்லிப்பழையிலிருந்த அமெரிக்க மிஷன் பாடசாலையில் ஆங்கிலம் பயின்று, 1844 இல் வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்து, 1852 வரை அங்கே கற்றார்கள்.

வட்டுக்கோட்டைச் செமினரியைப் பற்றிச் சிறிது நின்று சொல்லவேண்டும். 1823 இல் அமெரிக்க மிஷனாரால் தாபிக்கப்பட்ட அவ்வுறைவிடக் கல்லூரியிலே ஆங்கிலமும் தமிழும் வடமொழியும், கணிதமும் வானசாத்திரமும் கற்பிக்கப்பட்டன. மாணவருக்கு ஊணும் உறையுளும் கல்லூரி வளவிலேயே அமைந்தன. நூல்நிலையம் இருந்தது. ஆசிரியர் கூப்பிடு தூரத்தில் இருந்தனர். எட்டு ஆண்டுகள் ஒரு மாணவன் வேறு கவலையின்றிக் கற்றற்கு வேண்டுவன யாவும் அங்கே உளவாயின. அவ்வாசிரியருள் ஒருவர் கறல் விசுவநாதபிள்ளை. தமிழிலே வீசகணிதம் எழுதி 1855 இல் வெளியிட்ட கணித வல்லுநர். பிள்ளையவர்களுக்குப் பன்னிரண்டு ஆண்டு மூத்தவர். இவரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னர் மீண்டும் வருவார்.

செமினரியை விட்டு நீங்கிய பிள்ளையவர்கள் கோப்பாயில் ஆசிரியராய்ச் சிறிது காலம் இருந்தார்கள். இருபதை ஒட்டிய அவ்வயதிலேயே நீதிநெறி விளக்கத்தை உரையோடு பதிப்பித்தார்கள். யாழ்ப்பாணத்திலே பல்லாண்டு பணிபுரிந்து சென்னைக்கு மாறிய பேர்சிவல் பாதிரியார், தாம் நடத்திய தினவர்த்தமானி என்னும் பத்திரிகைக்கு ஆசிரியராக வருமாறு அழைக்க, பிள்ளையவர்கள் கடல் கடந்து சென்னை சேர்ந்தார்கள்.

இவ்விடத்தில் மலைநாட்டாராகிய நமக்கு வேறொரு காட்சி நினைவுக்கு வராமற் போகாது. அதே ஆண்டுகளில், அதே கடலை, எதிர்த்திசையிலே பல்லாயிரவர் கடந்துகொண்டிருந்தனர். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து புறப்பட்டு மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே தம்புள்ளை, மாத்தளை ஈறாகக் கால்நடையாய் நடந்து, கோப்பித் தோட்டங்களுக்கு வந்த நம் முன்னோரே அவர்கள். வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியிலேயே மாண்டோர் பலர். வடக்கு நோக்கிச் சென்ற இளைஞரின் பின்னே எட்டாண்டுக் கல்வி இருந்தது. தெற்கு நோக்கி வந்தோரின் பின்னே இருந்தவை வறுமையும் கங்காணியிடம் வாங்கிய முற்பணமுமே. தோட்டத்துப் பிள்ளைக்கு எழுத்தறிவிக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின்மேற் சுமத்திய சட்டம் 1907 இலேதான் பிறந்தது. அச்சட்டமும் நெடுங்காலம் ஏட்டளவிலேயே நின்றது. இதனைப் பிள்ளையவர்களின் பெருமையைக் குறைத்தற்குச் சொல்லவில்லை. அவர் வரலாற்றை மலைநாட்டிலே படிக்கும் மாணவன் தன்னை அவரோடு ஒப்பிடும்போது, ஓட்டம் தொடங்கிய இடம் வேறு என்பதையும் அறிந்துகொள்ளவேண்டும் என்றே சொல்லுகின்றோம்.

சென்னையிலே பிள்ளையவர்கள் பத்திரிகை நடத்தியதோடு அமையாது, ஆங்கிலத் துரைமார் சிலருக்குத் தமிழுங் கற்பித்தார்கள். அவர்தம் புலமை கண்ட அரசினர் மாநிலக் கல்லூரியிலே ஆசிரியப் பதவி அளித்தனர். இதற்கிடையில் யாழ்ப்பாணத்திலே வட்டுக்கோட்டைச் செமினரி மூடப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வந்த மிஷன் தூதுக் குழுவினர், அங்குக் கற்றோர் சமயப் பணியை விட்டு ஆங்கில உத்தியோகங்களை நாடுகின்றனர் என்று குறைகூறினர். 1855 இல் கல்லூரி நின்றது. நட்ட மரத்தைக் காய்க்கும் பருவத்தில் வெட்டியது போன்ற செயல் அது என்பது நமது கருத்து. இரண்டே ஆண்டுகளில் அதன் கனி இன்னதென்று தென்னகம் முழுவதும் கண்டது.

1857 ஆம் ஆண்டு இந்தியாவிற்குப் பெருங்கொந்தளிப்பான ஆண்டு. மே மாதத்திலே வடக்கில் சிப்பாய்க் கிளர்ச்சி மூண்டது. அவ்வாண்டிலேயே கல்கத்தா, பம்பாய், சென்னை என்னும் மூன்று நகர்களிலும் இலண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் கொண்டு பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டன. சென்னைப் பல்கலைக்கழகச் சட்டம் செப்டெம்பர் 5 ஆந் திகதி நிறைவேறியது. பிள்ளையவர்களுக்கு இருபத்தைந்து வயது நிரம்ப அன்று ஒரு வாரமே இருந்தது. அப்பல்கலைக்கழகம் அக்காலத்திற் கற்பிக்குங் கழகமன்று, பரீட்சை நடத்திப் பட்டம் வழங்கும் நிலையமே. ஆகவே கற்றவர் எவராயினும் முன்வந்து தம் கல்வியை நிறுவவேண்டும் என்ற நிலை. பிரவேசப் பரீட்சை அவ்வாண்டிலேயே நடந்தது. அதிலே தேறிய பிள்ளையவர்கள் நில்லாது பி. ஏ. பரீட்சைக்கும் விண்ணப்பித்தார்கள். அப்பரீட்சை 1858 இன் தொடக்கத்தில் நிகழ்ந்தது. அவர் பட்டம் பெற்ற ஆண்டைச் சிலர் 1857 என்றும் சிலர் 1858 என்றும் எழுதுதற்குக் காரணம் இதுவே போலும்.

அச்சில மாதங்கள் எவ்வாறு கழிந்திருக்கும் என்பதை ஒருவாறு ஊகிக்கலாம். பிள்ளையவர்கள் கல்லூரி விடுதியிலே கவலையின்றி இருந்து கற்ற மாணவரல்லர், பிறருக்குக் கற்பித்து ஊதியம் பெற்று வாழ்ந்தவர். பகற்பொழுது தொழிலுக்கு உரியது. தமக்கென்று எஞ்சியவை இரவும் வைகறையுமே. மண்ணெண்ணெய் விளக்கு இந்நாடுகளில் பரவாத காலம் அது. ஆமணக்கெண்ணெய் விளக்கின் சிற்றொளியே துணை. எழுதவேண்டியனவோ ஆங்கிலம், கணிதம், வரலாறு, தத்துவம் முதலியன. விடைகள் யாவும் ஆங்கிலத்தில். பாடப்புத்தகங்கள் இலண்டனிலிருந்து கப்பலேறி வரவேண்டும். முந்திய ஆண்டு வினாத்தாள் என்று கையிற் கொள்ளுதற்கு ஒன்றுமில்லை, ஏனெனில் முந்திய ஆண்டே இல்லை! இன்று பத்தாண்டு வினாத்தாள்களைக் கட்டாக விலைக்கு வாங்கி வைத்துக்கொண்டும் அஞ்சும் நம் மாணவர் இதனைச் சற்றே எண்ணிப் பார்ப்பாராக.

பரீட்சை மண்டபத்திலே பிள்ளையவர்களோடு உடன் எழுதியவர் யார்? அவர்தம் ஆசிரியராகிய விசுவநாதபிள்ளையேயாவர். முப்பத்தெட்டு வயதை எட்டும் ஆசிரியரும் இருபத்தைந்து வயது மாணவரும் ஒரே வினாவுக்கு விடை எழுதினர். அம்முதற் பரீட்சையில் தேறியோர் இவ்விருவரே. முதலாவதாகத் தேறியவர் மாணவர், அடுத்துத் தேறியவர் ஆசிரியர். தமிழாசிரியராய்க் காலங்கழித்துவரும் நமக்கு இவ்வரலாற்றில் மிக விருப்பமான பகுதி இதுவே. தாம் கற்பித்த பிள்ளையோடு சரியாசனத்தில் அமர்ந்து பரீட்சைக்கு உட்படுதற்கு விசுவநாதபிள்ளை நாணவில்லை. அந்தத் துணிவு நம்மில் எத்தனை பேருக்கு உண்டு என்று கேட்டால் விடை சொல்லுதல் எளிதன்று. இருவரும் ஈழத்தவர், இருவரும் மூடப்பட்ட அந்த வட்டுக்கோட்டைச் செமினரியிலிருந்து வந்தவர். பிற்காலத்தில் இருவரும் கிறித்துவத்தினின்று சைவத்துக்கு மீண்டனர் என்பதும் இந்துக் கல்லூரியாராகிய நாம் குறிக்கத்தக்கது.

இதுவே நாம் சொல்லாது விட்ட மற்றைப் பாதி. சில மாதங்களிலே பட்டம் பெற்றார் என்பது உண்மை. ஆனால் அச்சில மாதங்களின் அடியிலே வட்டுக்கோட்டையின் எட்டு ஆண்டுகள் இருந்தன, ஆசிரியர் இருந்தனர், நூல்நிலையம் இருந்தது. அவை இல்லாதிருந்தால் எத்தனை இரவு விளக்கெரித்தும் பயன் விளைந்திராது. இறுதி மாதங்களில் மட்டும் விழித்திருந்தால் போதும் என்று நம் மாணவர் கொள்வாராயின், அப்பிழை கதை சொன்ன நம்முடையதே. மற்றொன்றுஞ் சொல்லவேண்டும். பத்தடி லயக் காம்பராவில் அறுவர் துயிலுமிடத்தே, மூலையிற் புத்தகத்தோடு குந்தியிருக்கும் பிள்ளையைப் பார்த்துத் தாமோதரம்பிள்ளையைப் போல ஆகு என்று சொல்லுவது எளிது. அப்பிள்ளைக்கு வட்டுக்கோட்டையைத் தருவது யார்? பரீட்சைக்கு மூன்று மாதம் இருக்கையில் வகுப்பை விட்டுக் கொழும்புக் கடைக்கு வேலைக்குப் போன மாணவர் நம் வகுப்பிலும் இருந்தனர். அவர்களுள் மந்த புத்தியினர் என்று சொல்லத்தக்க ஒருவரையேனும் நாம் அறியோம். ஓர் உறைவிடமும், இரவிலே திறந்திருக்கும் ஒரு நூல்நிலையமும், ஒரு வேளை உணவும் இருந்திருப்பின் அவர்களுட் சிலரேனும் பரீட்சை எழுதியிருப்பர். பழைய மாணவர் சங்கத்தார் விழாவின் பொருட்டு என்ன கட்டடம் எழுப்பலாம் என்று ஆராயும் இந்நாளில் இதனை அவர்கள் முன் வைக்கின்றோம்.

பட்டம் பெற்ற பின் பிள்ளையவர்கள் அரசாங்கக் கணக்கு விசாரணைப் பகுதியில் உயர் பதவி வகித்தார்கள். உத்தியோகம் பார்த்துக்கொண்டே சட்டம் பயின்று 1871 இல் பி. எல். பட்டமும் பெற்றார்கள். ஆக, அந்த இறுதி மாதங்களை அவர்கள் வாழ்வில் இருமுறை கண்டார்கள் எனலாம். இரண்டாவது முறை காணும்போது வயது நாற்பதை அணுகியிருந்தது.

ஆயினும் தமிழுலகம் அவரை நினைப்பது பட்டங்களுக்காக அன்று. பழைய ஏட்டுச் சுவடிகள் செல்லரித்து அழிவதைக் கண்டு மனம் பொறாது, அவற்றைத் தேடித் திரட்டி, ஒப்புநோக்கி, அச்சேற்றுதலைத் தம் கடனாகக் கொண்டார்கள். மலைநாட்டிலே லூல்கந்துரைத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் 1867 இல் தேயிலை நட்டார். அடுத்த ஆண்டு, ஆறுமுக நாவலர் பரிசோதித்த தொல்காப்பியச் சொல்லதிகாரச் சேனாவரையத்தைப் பிள்ளையவர்கள் வெளியிட்டார்கள். 1879 இல் நாவலர் மறைந்தபின் அச்சுமை முழுவதும் தாமோதரம்பிள்ளையின் தோளில் இறங்கியது. 1881 இல் வீரசோழியம், 1883 இல் இறையனாரகப்பொருளும் தணிகைப் புராணமும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887 இல் கலித்தொகை, 1889 இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும் என ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. பொருளதிகாரம் வெளிவந்த அதே ஆண்டிலேதான் புகைவண்டி நானுஓயாவை எட்டியது. அந்த வண்டியில் ஏறி வந்த நம் மக்களுட் பெரும்பாலோர்க்கு அந்நூலின் பெயர்தானும் எட்டியிராது. இன்று அவர்தம் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் அதனைப் பாடமாகக் கற்கின்றனர்.

1882 இல் உத்தியோகத்தினின்று ஓய்வு பெற்றுக் கும்பகோணத்தில் வழக்கறிஞராய் அமர்ந்தார்கள். அங்கே கல்லூரித் தமிழாசிரியராயிருந்த உ. வே. சாமிநாதையரோடு பழகினார்கள். ஐயரவர்கள் சீவகசிந்தாமணியை வெளியிட்டதும் கலித்தொகை வந்த 1887 ஆம் ஆண்டிலேயே. பின்னர்ப் பிள்ளையவர்கள் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே நீதிபதியாயிருந்தார்கள். 1895 இல் அரசினர் இராவ்பகதூர்ப் பட்டம் அளித்தனர். இவற்றிற்கிடையே மாணவருக்கான வாசக புத்தகங்களும் எழுதினார்கள். பிறந்த நாட்டை மறவாது ஏழாலையிலே ஒரு பாடசாலையும் நிறுவினார்கள். செமினரி மூடப்பட்டதை அறிந்தவர் தம் பொருளைச் செலவிட்டுப் பள்ளி ஒன்று திறந்தது வியப்பன்று.

விசுவநாதபிள்ளை 1880 இலேயே காலமானார். மாணவர் ஆசிரியருக்குப் பின் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, ஏடும் எழுத்தாணியும் அச்சுத்தாளுமாய் உழைத்து, 1901 ஆம் ஆண்டு சனவரி மாதம் முதலாந் திகதி சென்னையிலே தமது அறுபத்தொன்பதாம் வயதில் உலக வாழ்வை நீத்தார்கள்.