திரும்பி வராதவர்களின் கணக்கு

கோத்தகிரி மலைப்பாதையில் பேருந்து ஏறும்போதெல்லாம் ஒரு கணிதவியலாளர் என் நினைவுக்கு வருவார். 1950 டிசம்பர் 13 அன்று ஏர் இந்தியா விமானம் ஒன்று இந்த நீலகிரி மலையில் மோதி நொறுங்கியது. அதில் பயணம் செய்த எவரும் உயிர் பிழைக்கவில்லை. இந்திய அரசின் அழைப்பை ஏற்று விரிவுரைப் பயணமாக வந்திருந்த ஆபிரகாம் வால்டும் அவருடைய மனைவியும் அந்த விமானத்தில் இருந்தனர். அப்போது வால்டுக்கு வயது 48. செயற்கை நுண்ணறிவு, தரவுப் பகுப்பாய்வு என்று இன்று நாம் பெருமையுடன் பேசும் துறைகளின் அடித்தளத்தில் அவருடைய சிந்தனை உள்ளது. ஆயினும், அவர் உயிர்நீத்த மண்ணைச் சேர்ந்த நம்மில் பலர் அவரை அறியோம்.

அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசின் கோலோஷ்வார் நகரில் 1902-இல் பிறந்தவர் வால்டு. இன்று ருமேனியாவில் க்ளூஜ் என்று வழங்கும் ஊர் அது. சமயப் பற்று மிக்க யூதக் குடும்பம். ஓய்வுநாளாகிய சனிக்கிழமையில் பள்ளிக்கு அனுப்ப இயலாததால் வீட்டிலேயே அவருக்குக் கல்வி புகட்டினர். பின்னர் வியன்னா பல்கலைக்கழகத்தில் கார்ல் மெங்கரிடம் பயின்று 1931-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

யூதர் என்பதால் அங்கே பல்கலைக்கழகப் பணி அவருக்கு வாய்க்கவில்லை. பொருளியலறிஞர் ஆஸ்கர் மோர்கன்ஸ்டெர்ன் தமது ஆய்வு நிறுவனத்தில் வேலை அளித்தார். தூய கணிதத்தில் தோய்ந்திருந்தவரைப் பிழைப்பு பொருளியலுக்கும் புள்ளிவிவரங்களுக்கும் இழுத்து வந்தது. 1938-இல் ஹிட்லர் ஆஸ்திரியாவைக் கைப்பற்றியபோது அமெரிக்காவிலிருந்து அழைப்பு வந்தது, வால்டு தப்பினார். ஐரோப்பாவில் தங்கிவிட்ட அவருடைய உறவினர்களில் பெரும்பாலோர் நாஜிக்களால் கொல்லப்பட்டனர்.

இரண்டாம் உலகப் போரின்போது கொலம்பியா பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் ஆய்வுக் குழு ஒன்று இராணுவத்துக்காக இயங்கியது. அங்கே 1943-இல் ஆலன் வாலிஸும் மில்டன் ஃபிரீட்மனும் வால்டிடம் ஒரு சிக்கலைக் கொண்டுவந்தனர். குண்டுகளின் தரத்தைச் சோதிக்க, இத்தனை குண்டுகளை வெடித்துப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே நிர்ணயித்திருந்தனர். தொடக்கத்திலேயே விடை தெளிவாகிவிட்டாலும் எஞ்சியவற்றை வீணே வெடிக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. வால்டு முதலில் ஐயுற்றார். ஓரிரு நாள்களில் விடையோடு வந்தார். ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் ஏற்கலாமா, நிராகரிக்கலாமா, இன்னும் ஒன்று பார்க்கலாமா என்று தீர்மானிக்கும் முறை அது. தேவைப்படும் சோதனைகள் பல நேரங்களில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. போர்க்காலத்தில் அம்முறை இராணுவ இரகசியமாகக் காக்கப்பட்டது.

அதே குழுவில் அவர் செய்த இன்னொரு பணியே பொதுமக்களிடையே அவர் பெயரை நிலைநிறுத்தியது. போர்முனையிலிருந்து திரும்பிய விமானங்களில் குண்டு துளைத்த இடங்களைக் கணக்கெடுத்தனர். துளைகள் மிகுந்த பகுதிக்கே கூடுதல் கவசம் தேவை என்றுதான் எவருக்கும் தோன்றும். வால்டின் கணக்கு எதிர்த்திசையில் சென்றது. எதிரியின் குண்டுகள் விமானத்தின் எல்லாப் பகுதிகளிலும்தான் பாய்கின்றன. அப்படியிருக்க, திரும்பி வந்தவற்றின் எஞ்சினில் துளைகள் குறைவாக இருப்பதேன்? எஞ்சினில் அடிபட்டவை திரும்பி வரவில்லை. இந்த நிகழ்ச்சியைத் தளபதிகளுடனான உரையாடலாகவும் நாடகமாகவும் பின்னாளில் பலர் எழுதிவிட்டனர். எஞ்சியுள்ள ஆவணங்களிலோ பக்கம் பக்கமாகக் கணிதமே இருக்கிறது. காணாமற்போன விமானங்களைப் பற்றி, காணக்கிடைத்தவற்றிலிருந்தே மதிப்பிடும் வழிமுறை அது.

மறைந்த ஆண்டில் வெளியான அவருடைய நூல் புள்ளியியலையே முடிவெடுக்கும் கலையாக மாற்றி அமைத்தது. உலகம் எந்த நிலையில் இருக்கக்கூடும், நம்முன் உள்ள வழிகள் எவை, தவறான வழியைத் தேர்ந்தால் நேரும் இழப்பு எவ்வளவு என்ற மூன்றையும் அவர் ஒரே சட்டகத்தில் வைத்தார். எல்லாத் தவறுகளும் சமமானவை அல்ல. நோயற்றவருக்கு நோய் உண்டென்று சொல்வதும், நோயுள்ளவரை நலமென்று வீட்டுக்கு அனுப்புவதும் ஒரே எடையுள்ள பிழைகளா? இயந்திரக் கற்றலில் கணினி குறைக்க முயலும் இழப்பு என்ற கருத்துக்கும் வால்டின் சட்டகத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. எந்தப் பிழைக்கு எவ்வளவு எடை என்பதைக் கணினி தானாக அறியாது. அதை மனிதர்தாம் தீர்மானித்துக் கொடுக்க வேண்டும்.

முப்பது ஆண்டுகள் கல்லூரியில் புள்ளியியல் கற்பித்தவன் நான். ஆண்டுதோறும் கரும்பலகையில் விமானத்தின் படம் வரைந்து வால்டின் பாடத்தை நடத்தினேன். ஒருமுறை எங்கள் துறையின் கற்பித்தல் குறித்து இறுதியாண்டு மாணவர்களிடம் கருத்துக் கேட்டோம். பெரும்பாலோர் மனநிறைவு தெரிவித்திருந்தனர். அறிக்கையை மகிழ்ச்சியுடன் எழுதியவன் நானே. சில மாதங்கள் கழித்துப் பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டினேன். சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்த பெயர்கள் கண்ணில் பட்டன. முதலாண்டிலும் இரண்டாமாண்டிலும் படிப்பைக் கைவிட்டுச் சென்ற பிள்ளைகள் அவர்கள். பாடம் புரியாமல் சென்றார்களா, கட்டணம் செலுத்த முடியாமலா, எங்களில் ஒருவரின் கடுஞ்சொல்லாலா? எவரும் அவர்களைக் கேட்கவில்லை. நான் எண்ணிப் பார்த்தது திரும்பி வந்த விமானங்களை மட்டுமே.

அன்று என் அறிக்கையால் ஒரு துறைதான் தன்னைத் தவறாக மதிப்பிட்டது. இன்று யாருக்குக் கடன் தரலாம், யாரை வேலைக்கு அழைக்கலாம் என்பன போன்ற முடிவுகளில் பழைய தரவுகளைக் கற்ற இயந்திரங்கள் துணைநிற்கின்றன. கடன் மறுக்கப்பட்டவர் அதைத் திருப்பிச் செலுத்தியிருப்பாரா என்பது எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வேலைக்கே எடுக்கப்படாதவரின் திறமையும் அப்படித்தான். இயந்திரம் தன்னிடம் உள்ளதையே உலகமென்று கொள்ளும். தரவு எவ்வளவு பெருகினாலும் இந்தக் குறை தானாக நீங்காது. ஆகவே, இத்தகைய கருவிகளை வாங்கும் நிறுவனங்களும் அரசுத் துறைகளும் கணிப்பு எத்தனை விழுக்காடு சரி என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. இந்தத் தரவில் இடம்பெறாதவர்கள் யார், பிழை நேர்ந்தால் இழப்பு யாருக்கு என்றும் கேட்க வேண்டும்.

வால்டு மறைந்தபோது மூன்று வயதே ஆகியிருந்த மகன் ராபர்ட், பின்னாளில் பொதுச் சார்பியல் துறையின் முன்னணி இயற்பியலாளரானார். தந்தையின் கணிதம் உலகெங்கும் வகுப்பறைகளில் வாழ்கிறது. அடுத்த முறை கோத்தகிரி செல்கையில் அவரை நினைத்துக்கொள்வேன். சிவப்பு மையால் அடிக்கப்பட்ட அந்தப் பெயர்களையும்தான்.