புகையிலை எலிக்குப் பெயர் வைத்த பெரியவர்



புத்தாண்டு மலரில் ஒரு பெரியவருடைய வாழ்க்கையை எழுதித் தரும்படி சங்கத்தில் கேட்டார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டவர் ஜெனிவாவில் பிறந்த விலங்கியல் அறிஞர் விக்டர் ஃபாசியோ. காலமாகி நூறு வருசத்துக்கு மேலாகிவிட்டது. எங்கட சனத்தில் பலருக்கு இந்தப் பெயர் புதிதாக இருக்கும். ஆனால் நாங்கள் வாழுகிற இந்த மலைநாட்டுக்கும் எங்கட வீட்டுப் பிள்ளைகளுக்கும் இவருடைய வேலையில் ஒரு தொடர்பு உண்டு. அதனால்தான் இவரைத் தெரிவு செய்தேன்.

ஃபாசியோ 1838ஆம் ஆண்டு பிறந்தார். அவருடைய குடும்பம் மதச் சீர்திருத்தக் காலத்துக்குப் பிறகு இத்தாலியப் பக்கத்தில் இருந்து சுவிசுக்கு வந்து குடியேறிய பரம்பரை. வந்தேறு குடிகளாக வந்தவர்களின் பிள்ளைகள்தான் பிற்காலத்தில் ஜெனிவாவின் பெரிய மனிதர்களாக இருந்தார்கள் என்பதை நாங்கள் ஒருக்கால் யோசித்துப் பார்க்க வேண்டும்.

சூரிச், பெர்லின், லைப்சிக் ஆகிய நகரங்களில் படித்தார். பறவைகளின் உடலில் காற்று நிறையும் இடங்களைப் பற்றி ஆராய்ந்து பட்டம் பெற்றார். இளம் வயதிலேயே அவரை நெருப்புக்காய்ச்சல் பிடித்தது. உயிர் தப்பினாலும் ஞாபகசக்தி போய்விட்டது. படித்தவனுக்குப் படிப்பே மறந்துபோவதை விடப் பெரிய துன்பம் என்ன இருக்கிறது? ஆனாலும் மனிதர் சோர்ந்து இருக்கவில்லை. பாரிசுக்குப் போய் மில்ன்-எட்வார்ட்ஸ் என்ற பேராசிரியரிடம் விலங்கியலைப் படித்தார். உள்ளதை எல்லாம் இழந்துவிட்டுத் திரும்ப அரிச்சுவடியில் இருந்து தொடங்குவது எப்படியான வேலை என்று எங்களுக்கு ஒருவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பேந்து அவர் கையில் எடுத்தது ஒரு வாழ்நாள் வேலை. சுவிஸ் நாட்டில் உள்ள முதுகெலும்புள்ள எல்லாப் பிராணிகளையும் பற்றி எழுதுவது! முதல் புத்தகம் 1869இல் வந்தது, கடைசிப் புத்தகம் 1904இல் வந்தது. முப்பத்தைந்து வருசம்! எங்கட ஆட்கள் வாங்கிப் பொரிக்கிற சுவிஸ் ஏரி மீன் ஃபெல்ஹனிலும் சில இனங்களுக்கு முதன்முதலாக விஞ்ஞானப் பெயர் வைத்தவர் இவர்தான். இடையில் முந்திரிகைக் கொடியை அழிக்கும் பிலொக்சேரா என்ற பூச்சி 1874இல் ஜெனிவாவுக்கு வந்தபோது, விவசாயிகளுக்காக அதை எதிர்த்தும் பாடுபட்டார். 1906இல் காலமானார்.

இனி எலிக் கதைக்கு வருவோம்.

எங்கடினில் பொந்திரேசினாவில் பெர்னினா றெயில் ஏறினால், அது 2253 மீற்றர் உயரம் வரை ஏறி, மறுபக்கம் பொஸ்கியாவோ என்ற இத்தாலிய மொழி பேசும் பள்ளத்தாக்கில் இறங்கும். வெளியூரில் இருந்து உறவினர் வந்தால் நாங்கள் கூட்டிக்கொண்டு போகிற அதே றெயில்தான். ஃபாசியோவின் காலத்தில் இந்த றெயில் இல்லை, அது 1910இல்தான் முழுதாக ஓடத் தொடங்கியது. பொஸ்கியாவோவில் ஒரு புகையிலைத் தொழிற்சாலை இருந்தது. அங்கே திரிந்த கருமையான சுண்டெலிகளைப் பற்றி ஃபாசியோ 1869இல் எழுதி, இது தனி இனம் என்று ஊரின் பெயரையே சேர்த்துப் பெயர் வைத்தார். சனங்களுக்கு அது புகையிலை எலி.

சரியாக நூறு வருசம் கழித்து, 1969இல், ஜேர்மனியில் அல்பிரட் குரோப் என்ற மருத்துவரும் கூட்டாளிகளும் இந்த எலியின் நிறமூர்த்தங்களை எண்ணிப் பார்த்தார்கள். பரம்பரை அலகுகள் அடுக்கியிருக்கும் நூல்களைத்தான் ஊரில் நாங்கள் நிறமூர்த்தம் என்று படித்தோம், குரோமோசோம் என்றும் சொல்லுவார்கள். சாதாரண வீட்டு எலிக்கு 40 இருக்கும். புகையிலை எலிக்கு 26தான்! மிச்சம் தொலைந்து போகவில்லை. இரண்டு இரண்டாக ஒட்டிக்கொண்டு, 14 சோடி 7 சோடியாகிவிட்டது. ஆக, தனி இனம் என்று ஃபாசியோ நினைத்தது உண்மையில் வீட்டு எலியேதான். மலைக்குள் ஒதுங்கி வாழ்ந்ததில் நூல்கள் ஒட்டிப்போன உறவுக்காரன்.

இந்த எலியைச் சாதாரண எலியோடு சேர்த்தபோது பிறந்த குட்டிகளுக்கு 33 நிறமூர்த்தங்கள். அவை இனம் பெருக்கும்போது நூல்கள் சரிசமமாகப் பிரிய முடியாமல், சில கருக்களில் ஒரு நிறமூர்த்தம் கூடிவிடும், சிலவற்றில் குறைந்துவிடும். இந்த வழியால் எந்த நிறமூர்த்தம் கூடினால் கருவில் என்ன நடக்கும் என்று ஒவ்வொன்றாகப் பார்க்க முடிந்தது. அநேகமான கருக்கள் பிறக்க முதலே அழிந்தன.

இது ஏன் முக்கியம்? டவுண் என்ற ஆங்கில மருத்துவர் 1866இல் விவரித்த, அவருடைய பெயராலேயே அழைக்கப்படும் நிலைமை, 21ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதிலாக மூன்றாக இருப்பதால் வருகிறது என்று 1959இல் பிரான்சில் கண்டுபிடித்தார்கள். எங்கட 21இல் உள்ள பல பரம்பரை அலகுகள் எலியின் 16ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கின்றன. அது மூன்றாக உள்ள எலிக் கருக்களில் இதயக் குறைபாடு காணப்பட்டது. டவுண் பிள்ளைகளிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இதயக் குறைபாடு உண்டு. 1990களின் தொடக்கத்தில், அந்தப் பகுதியில் ஒரு துண்டு மட்டும் கூடுதலாக உள்ள, பிறந்து வளரக்கூடிய எலியை அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வுகூடத்தில் உருவாக்கினார்கள்.

பேந்து விஞ்ஞானம் இன்னும் முன்னேறியது. ஒரு பரம்பரை அலகு என்ன வேலை செய்கிறது என்று அறிய, எலியில் அதை மட்டும் நிற்பாட்டிப் பார்ப்பார்கள். வீட்டில் ஒரு பியூசைக் கழற்றினால் எந்த அறை இருட்டாகிறது என்று பார்ப்பது போலத்தான். இந்த வழியைத் திறந்த கபெச்சி, எவன்ஸ், ஸ்மிதீஸ் ஆகிய மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வளவையும் நான் எழுதுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கட சமூகத்தில் இப்படியான பிள்ளை பிறந்தால் முதலில் தாயைத்தான் பார்ப்பார்கள். கிரகணத்தில் வெளியே போனாள், மச்சானைக் கட்டினாள், முற்பிறப்புப் பாவம் என்றெல்லாம் கதைப்பார்கள். என் காதால் கேட்டிருக்கிறேன். அந்தத் தாய்மார் கோயிலுக்கும் கலைவிழாவுக்கும் பிள்ளையைக் கூட்டிவரக் கூச்சப்பட்டு வீட்டுக்குள் இருப்பதையும் கண்டிருக்கிறேன். உறவுகளே, நூல்கள் பிரியும்போது நடக்கும் ஒரு தற்செயல் அது. தாயின் வயது கூடக் கூட வாய்ப்புக் கூடும் என்பது உண்மை. ஆனால் தாய் செய்த ஒரு செயலாலும் அது வருவதில்லை. நூறில் மூன்று நான்கு பிள்ளைகளில் மட்டும், புகையிலை எலியில் போலவே, 21ஆவது இன்னொரு நிறமூர்த்தத்தோடு ஒட்டியிருக்கும். அந்தக் குடும்பங்களில் தாயும் தகப்பனும் இரத்தப் பரிசோதனை செய்து டொக்டரிடம் ஆலோசனை கேட்பது நல்லது. 2016இல் இருந்து சுவிசில் இது பிறவிக் குறைபாடுகளின் பட்டியலில் இருக்கிறது. ஆகவே மருத்துவ உதவிக்கு ஐ.வி. காப்புறுதியில் விண்ணப்பிக்கலாம்.

எலிக்குப் பெயர் வைத்த காலத்தில் ஃபாசியோவுக்கு நிறமூர்த்தம் என்ற சொல்லே தெரியாது, அந்தச் சொல் 1888இல்தான் பிறந்தது. கண்ணில் பட்ட சின்ன உயிரையும் அலட்சியம் செய்யாமல் உற்றுப் பார்த்து எழுதி வைத்தார், அவ்வளவுதான். அடுத்தமுறை பொஸ்கியாவோவுக்கு றெயிலில் போகும்போது அவரை ஒருக்கால் நினையுங்கோ. வீட்டுக்குள் இருக்கும் அந்தத் தாயையும் பிள்ளையையும் இந்த வருசக் கொண்டாட்டத்துக்குக் கையோடு கூட்டிக்கொண்டு வாங்கோ.

அனைவருக்கும் சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்!