சிவப்புப் பட்டை சொன்ன உண்மை!

திண்டுக்கல்லில் இன்று பள்ளிப் பிள்ளைகள்கூட கம்ப்யூட்டரில் பட்டைப் படம் வரைகிறார்கள். ஜாவாஸ்கிரிப்டில் நிறங்களின் பெயரை வரிசையாக எழுதினால், ஒவ்வொரு பட்டைக்கும் தனி நிறம் வந்துவிடும். 1858-ல் ஒரு பெண்மணி இப்படித்தான் பட்டைகளுக்கு நிறம் பிரித்தார். அழகுக்காக அல்ல, உயிர் காக்க!

அவர்தான் கைவிளக்கு ஏந்திய காரிகை, பிளாரன்ஸ் நைட்டிங்கேல்.

1820-ம் ஆண்டு மே 12-ந் தேதி இத்தாலியில் பிளாரன்ஸ் நகரில் பிறந்தார். ஊரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். பெற்றோர் இங்கிலாந்தில் பெரிய செல்வந்தர்கள். மகள் நர்சு வேலைக்குப் போவதை அவர்கள் விரும்பவில்லை. மகள் கேட்கவில்லை. கணக்கிலும் அவருக்குக் கொள்ளை ஆசை.

1854-ல் கிரீமியா போர் நடந்தபோது, 38 நர்சுகளுடன் துருக்கிக்குப் போனார். அங்கே காயத்தால் இறந்த சிப்பாய்களைவிட, நோயால் இறந்தவர்களே அதிகம்.

ஊர் திரும்பியதும், இங்கிலாந்துக்குள் இருந்த பட்டாளத்தின் கணக்கைப் பார்த்தார். அங்கே சண்டை இல்லை. திடகாத்திரமான வாலிபர்களைப் பொறுக்கித்தான் பட்டாளத்தில் சேர்ப்பார்கள். அப்படியும் சாவு அதிகம்!

20 முதல் 40 வயது வரை நான்கு பிரிவு. ஒவ்வொரு பிரிவிலும் இரண்டு பட்டை. ஊரில் உள்ள ஆண்களுக்குக் கறுப்பு, சிப்பாய்களுக்குச் சிவப்பு. எல்லா வயதிலும் சிவப்பே நீளம். 20-25 வயதில் ஊர் ஆண்கள் ஆயிரம் பேரில் சுமார் 8 பேர் இறந்தார்கள். சிப்பாய்களில் 17 பேர்! நெருக்கடியான குடியிருப்பும், கெட்ட காற்றும், சாக்கடையுமே காரணம் என்றார்.

வெறும் எண்களை மந்திரிகள் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். எல்லாப் பட்டையும் ஒரே நிறமாக இருந்தால், எது யாருடையது என்று தேடவேண்டும். சிவப்போ உடனே கண்ணில் குத்தியது. பட்டாளத்துக் குடியிருப்புகள் சீர்திருந்தத் தொடங்கின.

நம் திண்டுக்கல் மலைக்கோட்டையிலும் ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் இருந்தது அல்லவா? இந்தியாவில் இருந்த அந்தச் சிப்பாய்களின் கணக்கையும் அம்மையார் விடவில்லை. ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 69 பேர் இறப்பதாக 1863-ம் ஆண்டு அறிக்கை காட்டியது. நல்ல தண்ணீர் வேண்டும், சாக்கடை வேண்டும் என்று ஓயாமல் எழுதினார். பத்தே ஆண்டில் அது 18 ஆகக் குறைந்தது. பிறகு நம் கிராம மக்களின் பஞ்சத்தையும், பாசன வாய்க்கால்களையும் பற்றி எழுதினார்.

ஆனால் இந்தியாவை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. பல ஆண்டுகள் நோயாளியாகப் படுக்கையில் இருந்துதான் இத்தனையும் எழுதினார்!

1910 ஆகஸ்டு 13-ந் தேதி, 90-வது வயதில் லண்டனில் காலமானார். அவர் கல்லறையில் முழுப் பெயர் இல்லை. முதல் எழுத்துக்கள் இரண்டும், பிறப்பு இறப்பு விவரமும்தான்.