ஆவியை ஒதுக்கிவைத்த காபிக்கடைக்காரர்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு வீட்டுச் சாமான் கடையில் வேலை பார்ப்பது உங்களில் சிலருக்குத் தெரியும். போன தீபாவளி சமயம், ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் வந்து, வீட்டுக்கு வாங்க நல்ல எஸ்பிரஸோ மெஷின் எதுன்னு கேட்டார். இருந்ததிலேயே விலை குறைந்ததை எடுத்து வைத்து, எல்லாம் ஒண்ணுதான் சார் என்று அடித்துவிட்டேன். ஒரு வாரத்தில் திரும்பி வந்தார். திட்டவில்லை. காபி கருகின மாதிரி இருக்கே, மேலே அந்தப் பொன்நிற நுரையும் வரலையே, ஏன் தம்பி என்று மட்டும் கேட்டார். மெக்கானிக்கல் படிக்கிற பையன் என்று கடையில் பீற்றிக்கொண்ட எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த வெட்கத்தில் தேடப் போய்க் கிடைத்தவர்தான் அக்கிலே காஜ்ஜா.

இத்தாலியின் மிலான் நகரத்துக்காரர். குடும்பத்துக்குச் சொந்தமான காபி பாரில் கவுண்டருக்குப் பின்னால் நின்றவர். அந்தக் காலத்து மெஷின்கள், அதே மிலானில் லுய்ஜி பெட்செரா 1901-இல் பேட்டன்ட் எடுத்த வழியில் வந்தவை. பாய்லரில் சேரும் ஆவிதான் தண்ணீரைக் காபித்தூள் வழியாகத் தள்ளும். கிடைக்கும் அழுத்தம் சுமார் ஒன்றரை பார்தான். சரி, அழுத்தத்தைக் கூட்டினால் என்ன? நம்ம ஸ்டீம் டேபிளைப் புரட்டிப் பாருங்கள். 10 பார் ஆவி என்றால் சூடு ஏறக்குறைய 180 டிகிரி! காபிக்கு வேண்டியதோ 90 டிகிரியை ஒட்டிய தண்ணீர். ஆவியை நம்பினால் அழுத்தத்தோடு சூடும் சேர்ந்தே ஏறும். தூள் கருகத்தானே செய்யும்?

காஜ்ஜாவின் மனதை அரித்தது இந்தக் கருகல்தான். ஆவி இல்லாமல் வேலை செய்யும் முறைக்கு 1938-இல் விண்ணப்பித்து பேட்டன்ட் வாங்கினார். அடுத்து உலகப்போர் வந்துவிட்டது. போர் முடிந்து 1947-இல் ஸ்பிரிங்கும் பிஸ்டனும் கொண்ட லீவர் முறையைப் பதிவு செய்தார். மறுவருடம் சொந்தக் கம்பெனி.

எவ்வளவு எளிமை பாருங்கள்! லீவரைக் கீழே இழுத்தால் ஸ்பிரிங் அமுங்கும். பிஸ்டன் மேலேறும். அதன் அடியில் வெந்நீர் வந்து நிற்கும். கையை மெல்ல விட்டால் ஸ்பிரிங் விரிந்து அந்த வெந்நீரை 8, 9 பார் அழுத்தத்தில் தூளுக்குள் தள்ளும். சூடு பாய்லர் பாடு, அழுத்தம் ஸ்பிரிங் பாடு. இரண்டையும் பிரித்தாரே, அங்கேதான் நிற்கிறார் மனுஷன்!

காபியின் மேல் பொன்நிற நுரை படர்ந்தது. முன்னே பின்னே பார்த்திராத வாடிக்கையாளர்களுக்கு அது ஏதோ அழுக்கு என்று சந்தேகம். காஜ்ஜா அதைக் காபியின் கிரீம் என்று சொல்லியே விற்றார். குறை என்று நினைத்ததையே விளம்பரமாக்கிவிட்டார். இன்று அந்த நுரை இல்லாவிட்டால் எஸ்பிரஸோவே இல்லை என்கிறார்கள்.

1952-இல் ஜில்டா என்ற பெயரில் வீட்டுக்கான சின்ன லீவர் மெஷினையும் அவர் கம்பெனி கொண்டுவந்தது. கடையில் மட்டும் கிடைத்த காபி அடுப்படிக்கு வந்தது. 1961-இல் காஜ்ஜா இறந்தார். அதே வருடம் ஃபேமா கம்பெனியின் இ-61 மெஷின் வந்தது. அதில் ஸ்பிரிங்கின் வேலையை மோட்டார் பம்ப் எடுத்துக்கொண்டது. இன்று வீடுகளுக்கு விற்கும் மெஷின்களில் பெரும்பாலானவை பம்ப் வகைதான். அட்டைப்பெட்டியில் 15 பார் என்று பெரிதாகப் போட்டிருப்பார்களே, அது பம்பால் முடிந்த உச்சம். தூளுக்கு 9 பார் போதும்.

நான் வாத்தியாருக்குக் கட்டிவிட்டதில் பம்பும் இல்லை, லீவரும் இல்லை. வெறும் பாய்லர். 1901-ஐப் புதுப் பெட்டியில் போட்டு விற்றிருக்கிறேன்! முதலாளி மாற்றித்தர மறுத்துவிட்டார். ஸ்டீம் டேபிளை எடுத்துக்கொண்டு வாத்தியார் வீட்டுக்கே போய் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். அடுத்த தடவை எந்த மெஷினாக இருந்தாலும், தண்ணீரைத் தள்ளுவது எது என்று முதலில் கேட்கிறேன் என்றார்.

இப்போது அந்த மெஷினை அவர் பால் நுரைக்க மட்டும் வைத்திருக்கிறார். அதற்கு ஆவி நன்றாகவே இருக்கிறதாம்.