கூடை சுமந்தவர் படை நடத்திய வரலாறு
ஹஜ்ரத் யூஷஃ பின் நூன் (அலை)

 

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை ஜும்ஆ மேடையில் நாம் பலமுறை கூறியிருக்கின்றோம். கடல் பிளந்ததும் ஃபிர்அவ்ன் மூழ்கியதும் நம் வீட்டுச் சிறுவர்களுக்கும் மனப்பாடம். ஆனால் அந்தச் சமுதாயத்தை வாக்களிக்கப்பட்ட பூமிக்குள் அழைத்துச் சென்றவர் யார் என்று மக்தப் பிள்ளைகளிடம் கேட்டால், பெரும்பாலோர் மூஸா நபி என்றே விடை கூறுகின்றனர். மூஸா (அலை) அவர்கள் அந்த எல்லையை அடைந்தார்களேயன்றி உள்ளே நுழையவில்லை. நுழைந்தவர் அவர்களின் பணியாளராக இருந்த யூஷஃ பின் நூன் (அலை) அவர்கள். நம் இராயபுரத்துக் கிறிஸ்தவ அன்பர்கள் யோசுவா என்று அழைப்பது இவர்களைத்தான்.

யூஷஃ (அலை) அவர்கள் யூசுஃப் நபியின் மகன் இஃப்ராயீமின் வழித்தோன்றல். திருக்குர்ஆனில் இவர்களின் பெயர் எங்கும் இல்லை. கஹ்ஃபு அத்தியாயத்தில் மூஸா நபியோடு பயணம் செய்த ஓர் இளைஞர் என்ற அளவில்தான் குறிப்பு வருகின்றது. அந்த இளைஞர் யூஷஃ என்பதை, உபை பின் கஅப் (ரலி) அவர்கள் வழியாகப் புகாரியில் பதிவாகியுள்ள நபிமொழி நமக்கு அறிவிக்கின்றது.

ஹிள்ரு (அலை) அவர்களைத் தேடிச் சென்ற அந்தப் பயணத்தில் வழியுணவு ஒரு மீன். அதை உப்பிட்ட மீன் என்று முஸ்லிமில் உள்ள அறிவிப்பு கூறுகின்றது. காசிமேட்டுக் கரையில் வாழும் நமக்கு அதன் பொருள் சொல்லாமலே விளங்கும். உப்பிட்டுப் பதப்படுத்திய மீன் மீண்டும் நீந்தாது. ஆனால் அது கூடையை விட்டுத் துள்ளிக் கடலில் வழி அமைத்துக்கொண்டு சென்றது. அதைக் கண்ட யூஷஃ (அலை) அவர்கள், தம் தலைவர் விழித்ததும் சொல்ல மறந்துவிட்டார்கள். அன்றைய மீதிப் பகலும் இரவும் இருவரும் நடந்தார்கள். மறுநாள் காலை உணவு கேட்கப்பட்டபோதுதான் நினைவு வந்தது. உடனே மறைக்காமல் தம் மறதியை ஒப்புக்கொண்டார்கள். மூஸா (அலை) அவர்களும் கடிந்துகொள்ளவில்லை. அதுவே நாம் தேடிய அடையாளம் என்று, வந்த வழியே திரும்பினார்கள். ஹிள்ரைச் சந்தித்த பின் அந்த இளைஞரைப் பற்றி வேதம் ஒரு சொல்லும் கூறவில்லை. இரு பெரியார்கள் பேசிக்கொள்ள, கூடையோடு அவர் ஒதுங்கி நின்றிருப்பார் என்றே நாம் எண்ணுகின்றோம். மதரஸாவில் இப்பாடத்தை நடத்திய நம் உஸ்தாத், பின்னாளில் ஒரு சமுதாயத்தையே சுமக்கப்போகும் தோள் முதலில் கூடை சுமந்து பழகியது என்பார்கள்.

எகிப்தை விட்டு வெளியேறியபின், புனித பூமிக்குள் நுழையுமாறு பனீ இஸ்ராயீலுக்குக் கட்டளை வந்தது. பன்னிரண்டு கோத்திரங்களிலிருந்தும் ஒருவர் வீதம் வேவு பார்க்க அனுப்பப்பட்டனர். திரும்பி வந்தவர்களில் பத்துப்பேர் அங்குள்ளவர்களின் உடல் வலிமையைப் பெரிதாக்கிப் பேசி மக்களின் நெஞ்சில் அச்சத்தை ஊற்றினார்கள். இருவர் மட்டும் வாசலைக் கடந்துவிட்டால் வெற்றி நிச்சயம் என்று தைரியமூட்டினார்கள். மாயிதா அத்தியாயம் பெயர் கூறாமல் புகழும் அவ்விருவர் யூஷஃ பின் நூனும் காலிப் பின் யூஃபன்னாவும் என்று விரிவுரையாளர்கள் குறிப்பிடுகின்றனர். கூட்டம் பத்துப்பேரின் பக்கமே சாய்ந்தது. மூஸாவும் அவருடைய இறைவனும் சென்று போரிடட்டும், நாங்கள் இங்கேயே அமர்ந்திருக்கின்றோம் என்னும் பொருளில் அவர்கள் மறுத்ததால், 40 ஆண்டுகள் அந்தப் பூமி அவர்களுக்குத் தடுக்கப்பட்டது.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். வம்சம் ஒன்றே உரிமையாக இருந்திருப்பின், எகிப்திலிருந்து வந்த தந்தையர் தடுக்கப்பட்டிருக்க மாட்டார்கள். அவர்களும் யஃகூப் நபியின் மக்களே. தடுக்கப்பட்டவர்களும் நுழைந்தவர்களும் ஒரே இரத்தம்தான். இன்று அந்த மண்ணில் சிந்தும் இரத்தத்தைக் காணும்போதெல்லாம் இந்த வேறுபாடு நம் மனதில் எழுகின்றது.

நாற்பது ஆண்டு அலைச்சலில் ஹாரூன் (அலை) அவர்களும், பின்னர் மூஸா (அலை) அவர்களும் மறைந்தார்கள். புனித பூமிக்கு ஒரு கல்லெறி தூரமேனும் தம்மை நெருக்கி வைக்குமாறு மூஸா (அலை) அவர்கள் இறுதியில் வேண்டினார்கள் என்று ஹதீஸில் வந்துள்ளது. கூடை சுமந்தவர் இப்போது தலைவரானார். அச்சத்தில் வளர்ந்த தலைமுறை பாலைவனத்திலேயே அடங்கிவிட, அவர்கள் கையில் இருந்தது பெரும்பாலும் பாலைவனத்தில் பிறந்த இளந்தலைமுறை.

படை புறப்படும் முன் ஒரு நபி செய்த அறிவிப்பை அபூஹுரைரா (ரலி) அவர்கள் வாயிலாகப் புகாரியும் முஸ்லிமும் பதிவு செய்துள்ளன. அந்த நபி யூஷஃ (அலை) என்பது வேறு அறிவிப்புகளால் தெரிகின்றது. மணம் முடித்து மனைவியோடு இன்னும் வாழத் தொடங்காதவர், சுவர் எழுப்பி மேற்கூரை போடாதவர், சினையாடுகளை வாங்கி ஈனுவதை எதிர்பார்த்திருப்பவர் ஆகிய மூவகையினரும் தம்மோடு வரவேண்டாம் என்றார்கள். திருவொற்றியூரில் வீடு கட்டித் தளம் போடக் காத்திருப்பவரை நாம் அறிவோம். அவர் தொழுகையில் நிற்பார், மனமோ மேகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அவரை அந்த நபி பழிக்கவில்லை, வீட்டிலேயே இருக்க விட்டார்கள். எண்ணிக்கையைக் கூட்ட நினைக்கும் தலைவர் இப்படிச் செய்யமாட்டார்.

ஜோர்தான் ஆற்றைக் கடந்து முதலில் எரிகோ என்னும் அரீஹா நகரை முற்றுகையிட்டார்கள். முற்றுகை 6 மாதம் நீடித்ததாகவும், எக்காளங்கள் ஊதி, ஒரே குரலில் தக்பீர் முழங்கியபோது மதில் விழுந்ததாகவும் இப்னு கஸீர் (ரஹ்) அவர்கள் எடுத்தெழுதுகின்றார்கள். யூதர்களின் வேதநூல் 7 நாள் என்கின்றது. இத்தகைய செய்திகளை நம் அறிஞர்கள் மெய்ப்பிக்கவும் இல்லை, பொய்யாக்கவும் இல்லை.

மற்றோர் ஊரை அடைந்தபோது அஸர் நேரம் நெருங்கிவிட்டது. பொழுது சாய்ந்தால் கை நழுவிவிடும் வெற்றி. துறைமுகத்தில் பகல் ஷிஃப்ட் முடிந்து பள்ளிக்கு ஓடிவரும் சகோதரர்களுக்குச் சாயும் வெயிலின் பதைப்பு தெரியும். சூரியனும் தானும் ஒரே இறைவனின் கட்டளைக்கு உட்பட்டவர்கள் என்று கூறி, அதைத் தடுத்து வைக்குமாறு அவர்கள் துஆச் செய்தார்கள். வெற்றி கிடைக்கும் வரை சூரியன் நிறுத்தி வைக்கப்பட்டது. பைத்துல் முகத்தஸை நோக்கிச் சென்ற நாட்களில் யூஷஃ அவர்களுக்காகவேயன்றி எந்த மனிதருக்காகவும் சூரியன் தடுக்கப்படவில்லை என்னும் கருத்தில் முஸ்னது அஹ்மதில் நபிமொழி உள்ளது.

ஆயினும் அந்த நிகழ்ச்சியில் நம்மை அதிகம் உலுக்குவது சூரியனன்று, அதற்குப்பின் நடந்தது. அக்காலத்தில் போர்ப்பொருள் எவருக்கும் ஆகுமானதன்று. ஒன்றுசேர்த்து வைத்தால் வானிலிருந்து நெருப்பு வந்து கரிக்கும், அதுவே ஏற்கப்பட்டதன் அடையாளம். அன்று நெருப்பு வந்தது, ஆனால் தீண்டவில்லை. பொதுப்பொருளில் மோசடி நடந்திருக்கின்றது என்று நபியவர்கள் அறிந்தார்கள். யாரையும் பெயர் கூறிச் சந்தேகிக்கவில்லை. கோத்திரத்திற்கு ஒருவர் வந்து கைகொடுக்கச் சொன்னார்கள். ஒருவரின் கை ஒட்டிக்கொண்டது. அவருடைய கோத்திரத்தார் வந்தபோது இரண்டு அல்லது மூன்று பேரின் கை ஒட்டியது. பசுவின் தலை போன்ற தங்கக்கட்டியை அவர்கள் கொண்டுவந்து வைத்தபின்னரே நெருப்பு அப்பொருளை ஏற்றது. சூரியனையே நிறுத்திய படையின் காணிக்கையை, இரண்டு மூன்று பேரின் கைகள் தடுத்து நிறுத்தின. ஜமாஅத்தின் வரவு செலவுக் கணக்கு அச்சாகும் இதே மலரில் இதை எழுதுவதால், நாம் இங்கே அதிகம் கூற வேண்டியதில்லை.

வெற்றியிலும் அவர்களுக்கு வருத்தம் மிஞ்சியது. ஊர் வாசலில் பணிந்து, பாவமன்னிப்பு வேண்டியவாறு நுழையும்படி கூறப்பட்டிருக்க, அம்மக்களில் சிலர் சொல்லை மாற்றித் தானியம் என்று பரிகசித்துக்கொண்டு தவழ்ந்து சென்றார்கள். அந்த ஊர் பைத்துல் முகத்தஸா, அரீஹாவா என்பதில் விரிவுரையாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு.

நிலம் பங்கிடப்பட்டதைப் பற்றி யூத வேதநூல் விரிவாகப் பேசுகின்றது. கோத்திரங்களுக்குச் சீட்டுப்போட்டுப் பிரித்தார்களாம். வழிபாட்டுப் பணி செய்த லேவி கோத்திரத்தாருக்குத் தனி மாகாணம் இல்லை, மற்றவர்களின் பகுதிகளில் 48 ஊர்கள். எல்லோருக்கும் கொடுத்து முடித்த பின்னரே யூஷஃ அவர்கள் தமக்கென மலைப்பகுதியில் ஓர் ஊரைப் பெற்றார்களாம். படை நடத்தியவர் பங்கில் கடைசியாக நின்றார் என்ற இச்செய்தி, கூடை சுமந்த அந்த இளைஞரின் குணத்திற்குப் பொருத்தமாகவே உள்ளது.

தொல்லியலாளர் கூறுவது வேறு. இஸ்ராயீல் என்னும் பெயர் கி.மு. 1208ஆம் ஆண்டளவில் எகிப்திய மன்னன் மெர்னெப்தா நிறுவிய கல்வெட்டில் காணப்படுகின்றது. அது 1896இல் கண்டெடுக்கப்பட்டது. 1952 முதல் 1958 வரை எரிகோவை அகழ்ந்த கேத்லீன் கென்யன் அம்மையார், அதன் பெருமதில் அக்காலத்திற்கு மிக முன்பே அழிந்துவிட்டது என்றார். மலைப்பகுதிகளில் கி.மு. 1200ஐ ஒட்டி நூற்றுக்கணக்கான சிற்றூர்கள் தோன்றியதை வைத்து, குடியேற்றம் சிறுகச் சிறுக நடந்தது என்போரும் உளர். யூதர்களின் நூலிலேயே கைப்பற்றப்படாத ஊர்களின் பட்டியல் ஒன்று உள்ளது. திருக்குர்ஆன் ஆண்டையோ மதிலையோ குறிப்பிடவில்லை. எனவே இவ்வாராய்ச்சியைக் கண்டு நாம் கலங்க வேண்டியதில்லை.

மூஸா (அலை) அவர்களுக்குப்பின் 27 ஆண்டுகள் வாழ்ந்து, 127ஆம் வயதில் யூஷஃ (அலை) அவர்கள் மறைந்தார்கள் என்று இப்னு கஸீர் (ரஹ்) எழுதுகின்றார்கள். யூத நூலில் வயது 110. அடக்கத்தலம் என்று ஜோர்தானில் ஸல்த் நகருக்கு அருகே ஓரிடமும், ஃபலஸ்தீனில் கிஃப்ல் ஹாரிஸ் கிராமத்தில் ஓரிடமும், இஸ்தான்பூலில் பாஸ்பரஸ் கடற்கால் ஓரக் குன்றின்மேல் சுமார் 17 மீட்டர் நீளமுள்ள கப்று ஒன்றும் காட்டப்படுகின்றன. இராமேஸ்வரத்தில் ஹாபில், காபில் பெயரால் நீண்ட கப்றுகளைக் கண்ட நம்மவர்களுக்கு இது வியப்பளிக்காது.

அவர்களுக்குப்பின் பொறுப்பு காலிப் அவர்களிடம் வந்தது. பத்துப்பேருக்கு எதிராக அன்று உடன் நின்ற அதே காலிப்.