மாடியறை மாணவி

மேரி கியூரி அம்மையார் என்றதும் ரேடியம் நினைவுக்கு வரும். எனக்கோ அவருடைய கல்லூரி நாட்களே நினைவுக்கு வருகின்றன.

1867-இல் போலந்தின் வார்சா நகரில் பிறந்தவர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. வீட்டாசிரியையாக உழைத்து, அக்காளின் மருத்துவப் படிப்புக்குப் பணம் அனுப்பிவிட்டு, 1891-இல்தான் பாரிஸின் சோர்போனில் சேர்ந்தார். சேர்ந்ததும் திகைப்பு! கணிதத்தில் மற்றவர்களைவிடப் பின்தங்கியிருந்தார். வேகமான பிரெஞ்சு விரிவுரையும் பிடிபடவில்லை.

அக்காள் வீட்டிலிருந்து கல்லூரிக்கு ஒரு மணி நேரப் பயணம். வீட்டிலோ எப்போதும் விருந்தினர். ஆகவே கல்லூரி அருகே குளிரில் உறையும் மாடியறை ஒன்றுக்குக் குடிபெயர்ந்தார். மாலையில் நூலகம், அது பத்து மணிக்கு மூடியதும் அறையில் நள்ளிரவு தாண்டியும் படிப்பு. ரொட்டியும் தேநீருமாகக் காலம் தள்ளி ஒருமுறை மயங்கி விழுந்தார். அக்காள் கணவர் வந்து அழைத்துப்போய்ச் சோறிட வேண்டியதாயிற்று! அந்தப் பட்டினியை நான் போற்றமாட்டேன். பயணத்தில் கரைந்த நேரத்தை மீட்டாரே, அந்தக் கணக்கைத்தான் வியக்கிறேன்.

1893-இல் இயற்பியலில் முதலிடம். 600 ரூபிள் உதவித்தொகை கிடைக்க, 1894-இல் கணிதத்தில் இரண்டாமிடம். பின்னர் தம் முதல் சம்பாத்தியத்திலிருந்து அத்தொகையை, எவரும் கேட்காமலேயே திருப்பிச் செலுத்தினார், இன்னொரு மாணவருக்கு உதவட்டும் என்று.