லேபிள் ஒட்டிய பையன்

நம்ம கல்லூரியில் பி.யு.சி. படித்தவர்கள் யாருக்கும் சார்லஸ் டிக்கன்ஸை நான் அறிமுகம் செய்து வைக்க வேண்டியதில்லை. 'டேவிட் காப்பர்ஃபீல்ட்' சுருக்கப் பதிப்புதான் நமக்கு நான்-டீடெயில். மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய பீரியடு. பாதிப் பேர் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவோம். எத்தனை பேர் கதையைப் படித்தோம், எத்தனை பேர் நோட்ஸை மட்டும் மனப்பாடம் பண்ணித் தேறினோம் என்பதை இந்த மலரில் எழுதினால் பல டாக்டர்களும் ஒரு நீதிபதியும் கோபித்துக்கொள்வார்கள். விடுங்கள். அதில் பத்து வயதுப் பையன் ஒருவனைப் பாட்டில் கழுவும் வேலைக்கு அனுப்பிவிடுவார்கள், நினைவிருக்கிறதா? அதைக் கற்பனை என்றுதான் அன்றைக்கு நினைத்தோம். பெரும்பாலும் அது டிக்கன்ஸின் சொந்தக் கதை. பிள்ளைகளுக்குக்கூட அவர் சொல்லாத கதை. ஓய்வு பெற்ற பிறகு அவருடைய வாழ்க்கையை நிதானமாகப் படிக்க நேரம் கிடைத்தது. அதை நம்ம ஆட்களோடு பகிர்ந்துகொள்ளலாம் என்று இதை எழுதுகிறேன்.

1812 பிப்ரவரி 7-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தார். அப்பா ஜான் டிக்கன்ஸ் கடற்படைச் சம்பள அலுவலகத்தில் குமாஸ்தா. நல்ல மனுஷன், பேச்சுத் துணைக்குப் பிரமாதம், பிள்ளைகள் மேல் உயிர். ஆனால் விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பது மட்டும் அவருக்குத் தெரியாது. சாத்தம் என்ற துறைமுக ஊரில் இருந்த ஐந்து வருஷமும் பையனுக்குப் பொற்காலம். பள்ளிக்கூடம் இருந்தது, மாடி அறையில் அப்பாவின் புத்தகங்கள் இருந்தன. ராபின்சன் குரூசோவும் அராபிய இரவுகளும் அங்கேதான் அவருக்குப் பழக்கம். அப்பாவோடு நடக்கும்போது வழியில் கேட்ஸ் ஹில் என்ற பெரிய வீடு தென்படும். நன்றாக உழைத்தால் ஒருநாள் நீ இதில் குடியிருக்கலாம் என்பாராம் அப்பா.

1822-ல் லண்டனுக்கு மாற்றல். அதோடு எல்லாம் தலைகீழ். கடன்காரர்கள் வாசலில் நிற்க ஆரம்பித்தார்கள். சார்லஸின் படிப்பு நின்றது. நிறுத்தினோம் என்றுகூட யாரும் சொல்லவில்லை, மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். அக்கா ஃபேனி மட்டும் ராயல் இசைக் கழகத்தில் சேர்ந்து படித்தாள். வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாக அடகுக்கடைக்குப் போயின, கொண்டுபோனது சார்லஸ்தான். முதலில் போனவை அந்தப் புத்தகங்கள்.

1824 பிப்ரவரியில் 12 வயது முடிந்த சில நாட்களிலேயே, ஜேம்ஸ் லாமர்ட் என்ற உறவுக்காரர் மேற்பார்வை பார்த்த வாரன் ஷூ பாலிஷ் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். தேம்ஸ் கரையில் ஹங்கர்ஃபோர்டு படித்துறையை ஒட்டிய இடிந்த கட்டிடம், கீழ்த்தளம் முழுக்க எலி. வாரத்துக்கு ஆறு ஷில்லிங் சம்பளம். பாலிஷ் டப்பாவின் வாயை முதலில் எண்ணெய்த் தாளால் மூடி, அதன்மேல் நீலத் தாள் போட்டு, நூலால் கட்டி, ஓரத்தைச் சமமாக வெட்டி, லேபிள் ஒட்ட வேண்டும். காலையிலிருந்து இரவு வரை அதே வேலை. இரண்டு வாரம்கூட ஆகவில்லை, ஒரு ரொட்டிக்கடைக்காரருக்குத் தர வேண்டிய நாற்பது பவுன் பாக்கிக்காக அப்பாவைக் கைது செய்து மார்ஷல்சி கடன்காரர் சிறையில் போட்டார்கள். கொஞ்ச நாளில் அம்மாவும் சின்னப் பிள்ளைகளும் அந்தச் சிறைக்குள்ளேயே குடிபோனார்கள். அன்றைய சட்டத்தில் அதற்கு இடமிருந்தது. சார்லஸ் மட்டும் வெளியே, வாடகை அறையில், தனியாக.

தனியாக என்றால் எப்படி என்று நினைக்கிறீர்கள்? வாரச் சம்பளத்தை ஆறு சிறு பொட்டலமாகக் கட்டி ஒவ்வொன்றின் மேலும் கிழமையை எழுதி வைத்துக்கொள்வாராம். அப்படியும் காலையில் கடைவாசலில் பாதி விலைக்கு விற்கிற பழைய பலகாரத்தைப் பார்த்தால் கை நிற்காது. அன்று மதியம் பட்டினி. ஞாயிற்றுக்கிழமை அக்காவை அழைத்துக்கொண்டு சிறைக்குப் போய் அப்பா அம்மாவைப் பார்த்துவிட்டு வருவார்.

லேபிள் ஒட்டுவது என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சாத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில் தீப்பெட்டி வேலை வீட்டுக்கே வரும். ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. அப்பா தவறிய வருஷத்திலிருந்து ஹைஸ்கூல் முடியும்வரை விளக்கு வைத்தபின் உட்கார்ந்து ஒட்டியிருக்கிறேன். ஹாஸ்டலில் மூன்று வருஷம் ஒரே அறையில் இருந்தவர்களிடம்கூட இதைச் சொன்னதில்லை. புளித்த மைதாப் பசை வாடை எங்கே வந்தாலும் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் புரட்டும். ஆனால் எனக்குப் பக்கத்தில் அம்மா உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்தாள். அந்தப் பையனுக்கு அது இல்லை. பெரிய வித்தியாசம் அது என்று எனக்குப் படுகிறது.

அங்கே அவருக்கு ஆதரவாக இருந்தது பாப் ஃபாகின் என்ற பெரிய பையன். ஒருநாள் சார்லஸுக்கு விலாவில் வலி வந்து துடித்தபோது, காலி பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி அரைநாள் ஒற்றடம் கொடுத்தவன். மாலையில் வீடுவரை கொண்டுவிடுகிறேன் என்று கூடவே வந்தான். வீடு என்று காட்ட என்ன இருக்கிறது? சிறை இருப்பது தெரிந்துவிடுமே என்று சார்லஸ் சுற்றிச் சுற்றி நடந்து, சதர்க் பாலத்துக்குப் பக்கத்தில் யாரோ ஒருவர் வீட்டுப் படியில் ஏறி, இதுதான் எங்கள் வீடு என்று கைகுலுக்கி அனுப்பி வைத்தார். அவன் திரும்பிப் பார்த்தால் என்ன செய்வது என்று கதவையும் தட்டினார். திறந்த பெண்மணியிடம், ராபர்ட் ஃபாகின் வீடு இதுதானா என்று விசாரித்தார்!

பின்னாளில் 'ஆலிவர் ட்விஸ்ட்' எழுதியபோது, பையன்களைத் திருட்டுக்குப் பழக்கும் கிழவனுக்கு வைத்த பெயர் ஃபாகின். ஒற்றடம் கொடுத்தவன் பெயரை வில்லனுக்கு வைப்பானேன் என்று அறிஞர்கள் இன்னமும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இது: நாம் கூனிக்குறுகி நின்றதைப் பார்த்தவனை, அவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும், மனசு லேசில் மன்னிப்பதில்லை.

சுமார் மூன்று மாதத்தில் அப்பா விடுதலையானார். மகனுக்கு விடுதலை இல்லை. தொழிற்சாலை கோவென்ட் கார்டன் பக்கம் மாறியது. அங்கே ஜன்னலோரம் உட்கார்ந்து வேலை செய்யும் பையன்களைத் தெருவில் போகிறவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் அப்பாவே வந்து பார்த்தார். பிறகு அப்பாவுக்கும் லாமர்ட்டுக்கும் ஏதோ கடிதத் தகராறு வந்து, பையனை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அம்மா மறுநாளே போய்ச் சமாதானம் பேசி, வேலைக்குத் திரும்ப வழி செய்துவிட்டு வந்தாள். வேண்டாம், பள்ளிக்கூடம் போகட்டும் என்றார் அப்பா. கடனாளி ஆக்கி நடுத்தெருவில் விட்ட அப்பாவை டிக்கன்ஸ் மன்னித்தார். திரும்பப் போகச் சொன்ன அம்மாவை மன்னிக்கவே இல்லை. ஆறு ஷில்லிங் அந்த வீட்டுக்கு என்ன பெறும் என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதானே என்று எனக்கு அவள்மேல் இரக்கம் வருகிறது. ஆனால் 12 வயதுப் பையன் அந்தக் கணக்கைப் போட மாட்டான்.

அந்தத் தொழிற்சாலையில் எத்தனை நாள் இருந்தோம் என்பது அவருக்கே தெரியவில்லை. ஒரு வருஷமா, கூடவா, குறையவா என்று பின்னால் அவரால் சொல்ல முடியவில்லை. எத்தனை பேர் எங்கே உட்கார்ந்தார்கள், எந்தத் தாள் என்ன நிறம் என்பதெல்லாம் துல்லியமாக நினைவிருக்கிறது, காலம் மட்டும் இல்லை. வெளியே வந்த அன்றிலிருந்து அப்பாவும் அம்மாவும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது மாதிரி.

அதன்பின் ஏறுமுகம்தான். இரண்டரை வருஷம் பள்ளி, 15 வயதில் வக்கீல் ஆபீஸ் பையன், சுருக்கெழுத்தைத் தானே படித்து நாடாளுமன்ற நிருபர், 1836-ல் 'பிக்விக்' தொடர். 25 வயதுக்குள் இங்கிலாந்து முழுக்கத் தெரிந்த பெயர். ஆனாலும் ஸ்ட்ராண்டு தெருவில் பாலிஷ் கடை வந்தால், தக்கைக்குப் பூசும் அரக்கு வாடைக்குப் பயந்து எதிர்ப்புறம் மாறிப் போவார். பழைய படித்துறையை இடிக்கும்வரை அந்தப் பக்கமே போகவில்லை. மூத்த மகனுக்குப் பேச்சு வந்த பிறகும்கூட, சிறுவயதில் வீடு திரும்பிய பாதையில் நடந்தால் அழுகை வரும். ஒரு காபிக் கடையின் கண்ணாடிக் கதவில் எழுதியிருந்ததை உள்ளே இருந்து இடவலம் மாறிப் படித்திருக்கிறார் அந்தப் பையன். வளர்ந்து பெரிய மனிதரான பிறகும் வேறு எந்தக் கடையிலாவது அப்படிக் கண்ணில் பட்டால் உடம்பு ஒருமுறை தூக்கிப் போடும். அமெரிக்க மனநல மருத்துவர்கள் இந்த மாதிரி விஷயத்துக்குப் பெயர் வைத்துப் புத்தகத்தில் சேர்த்தது 1980-ல்தான்.

1847-ல் நண்பர் ஜான் ஃபார்ஸ்டர் தற்செயலாக ஒன்று கேட்டார். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவர் உங்களைச் சிறுவயதில் ஒரு கிடங்கில் பார்த்ததாகச் சொல்கிறாரே, நிஜமா? டிக்கன்ஸ் சில நிமிடம் பேசவில்லை. பல நாள் கழித்து முழுவதையும் சொன்னார், எழுதியும் கொடுத்தார். கொஞ்ச காலத்தில் அந்தப் பக்கங்களையே எடுத்து, பாலிஷ் டப்பாவை ஒயின் பாட்டிலாக மாற்றி, 1849-ல் தொடங்கிய 'டேவிட் காப்பர்ஃபீல்டி'ல் வைத்தார். நம் நான்-டீடெயில் அங்கிருந்து வந்ததுதான். மார்ஷல்சி சிறையை 'லிட்டில் டோரி'ட்டில் எழுதி, 1857-ல் முடிக்கிற சமயத்தில் நேரில் போய், மிச்சமிருந்த இடத்தைப் பார்த்துவிட்டும் வந்தார். அதற்கு அவருக்கு 33 வருஷம் தேவைப்பட்டது.

அதே 1847-ல் செல்வச் சீமாட்டி ஏஞ்சலா பர்டெட்-கூட்ஸோடு சேர்ந்து, தெருவுக்கு வந்துவிட்ட பெண்களுக்கு யுரேனியா காட்டேஜ் என்ற இல்லம் தொடங்கினார். ஒவ்வொரு பெண்ணின் கதையையும் தானே கேட்டு எழுதிக்கொள்வார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் யாரும் அவள் பழசைக் கிளறக் கூடாது என்பது விதி. 1858-ல் லண்டன் குழந்தைகள் மருத்துவமனைக்காக ஒரு விருந்தில் பேசினார். மூவாயிரம் பவுனுக்கு மேல் சேர்ந்தது.

இதைப் படித்துவிட்டு மனிதர் புண்ணெல்லாம் ஆறி மகானாகிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். 10 பிள்ளை பெற்ற மனைவி கேதரினை 1858-ல் விலக்கி வைத்து, அதைப் பத்திரிகையிலும் அறிவித்தார். எனக்குப் பிடிக்காத அத்தியாயம் அது. வீட்டில் நாற்காலி ஒன்று இடம் மாறி இருக்கக் கூடாது. தினம் காலையில் பிள்ளைகளின் அறைகளைச் சோதனை போடுவார். சின்ன வயதில் அப்பா காட்டிய கேட்ஸ் ஹில் வீட்டை 1856-ல் வாங்கிவிட்டார். அப்படியும் பணம் தீர்ந்துவிடுமோ என்ற பயம் போகவில்லை. ஊர் ஊராகப் போய் மேடையில் கதை படித்தார், அமெரிக்கா வரை போனார், 1869-ல் டாக்டர்கள் தடுத்து நிறுத்தும்வரை ஓயவில்லை. 1870 ஜூன் 9-ல் இறந்தபோது வயது 58.

அதற்கு முந்தைய கிறிஸ்துமஸ் சமயம், கேட்ஸ் ஹில்லில் குடும்பத்தோடு ஞாபக விளையாட்டு ஆடினார்கள். ஒருவர் ஒரு பெயர் சொல்வார். அடுத்தவர் அதையும் சொல்லி, தன் பங்குக்கு ஒன்று சேர்க்க வேண்டும். டிக்கன்ஸின் முறை வந்தது. வரிசையாக எல்லாவற்றையும் தப்பில்லாமல் சொல்லிவிட்டு, கடைசியில் ஒரு ஷூ பாலிஷ் கம்பெனியின் பெயரையும் ஸ்ட்ராண்டு தெருவில் ஒரு கதவு எண்ணையும் சேர்த்தார். அதைச் சொன்னபோது அவர் கண்ணும் குரலும் ஒரு மாதிரியாக இருந்ததை மகன் ஹென்றி கவனித்தார். யாரும் எதுவும் கேட்கவில்லை. விளையாட்டு அடுத்தவருக்குப் போய்விட்டது. அப்பா இறந்து இரண்டு வருஷத்துக்குள் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றின் முதல் தொகுதி வந்தது. அதைப் படித்தபோதுதான் அது என்ன முகவரி என்று பிள்ளைகளுக்குத் தெரிந்தது.